உப்பிட்ட இறைச்சியும் உருளும் பொறிகளும்

உணவுப் பண்டங்களைக் கெடாமல் வைத்துக் காப்பது மனித இனத்தின் மிகப் பழைய கவலைகளுள் ஒன்று. மீன் மிகுதியாகக் கிடைத்த நாளில் அதை உப்பிட்டு உலர்த்திக் கருவாடாக்கினர் நம் முன்னோர். ஆட்டிறைச்சியில் உப்பும் மஞ்சளும் தடவி, கயிற்றில் கோத்து, வெயிலில் காயவிட்டு உப்புக்கண்டம் செய்தனர். இவ்விரண்டிலும் அடங்கிய தத்துவம் ஒன்றே. உப்பானது பண்டத்திலுள்ள நீரை வெளியே இழுக்கிறது. எஞ்சிய நீரையும் கிருமிகள் எளிதில் பயன்படுத்த இயலாதவாறு பிடித்து வைத்துக்கொள்கிறது. நீரின்றிக் கிருமி பெருகாது. கிருமி பெருகாவிடில் பண்டம் அழுகாது.

அதே தத்துவம் இன்று பெரிய ஆலைகளில் இயந்திரங்களின் துணையோடு நடைபெறுகிறது. டில்லி, மும்பை, கொல்கத்தா போன்ற நகரங்களில் வாழும் நம்மவர், கடைகளின் குளிர்பெட்டிகளில் பேக்கன், ஹாம், சலாமி என்னும் பெயர்களைத் தாங்கிய பொட்டலங்களைக் கண்டிருப்பர். இவை பெரும்பாலும் பன்றியிறைச்சியை உப்பிட்டுப் பதப்படுத்திய பண்டங்கள். மேற்கு வங்கத்தின் ஹரிங்கட்டா, கேரளத்தின் கூத்தாட்டுகுளம் முதலிய பகுதிகளில் அரசுத் துறையிலேயே இத்தகைய ஆலைகள் எழுந்தன. இப்பண்டங்களை உண்பதும் உண்ணாதிருப்பதும் அவரவர் வழக்கத்தையும் விருப்பத்தையும் பொறுத்தவை. ஆயினும், நம் பிள்ளைகள் வாங்கி உண்ணும் பொருள் எவ்வாறு உருவாகிறது என்பதை அறிவது நன்று. பிழைப்பை நாடி வெளி மாநிலம் சென்று, உணவுப் பதன ஆலைகளில் பொறிகளின் அருகே நின்று உழைப்போருக்கோ இவ்வறிவு இன்றியமையாதது.

பொறிகளைப் பற்றிப் பேசுமுன், ஆலையினர் எதற்கு அஞ்சுகின்றனர் என்பதை அறிந்துகொள்வோம். 1895-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், பெல்ஜியம் நாட்டின் எல்லெசெல் என்னும் சிற்றூரில், ஓர் இறுதிச் சடங்கில் இசைத்த வாத்தியக்காரர்கள் உப்பிட்ட பன்றித்தொடை இறைச்சியை உண்டனர். பலர் கடும் நோயுற்றனர், மூவர் மாண்டனர். எமில் வான் எர்மெங்கெம் என்ற அறிஞர் அவ்விறைச்சியை ஆராய்ந்து, காற்றில்லாத இடத்தில் வளர்ந்து கொடிய நஞ்சைச் சுரக்கும் ஒரு கிருமியைக் கண்டறிந்தார். இன்று அதைக் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என அழைக்கிறோம். பாட்டுலஸ் என்னும் இலத்தீன் சொல்லுக்குக் கொத்திறைச்சி அடைத்த குடல் என்பது பொருள். பெயரிலேயே பிறப்பிடம் விளங்குகிறதன்றோ?

இக்கிருமியை அடக்குவதற்காகவே உப்புடன் சோடியம் நைட்ரைட் என்னும் வேதிப்பொருளை மிகச் சிறிய அளவில் சேர்க்கின்றனர். பதனிட்ட இறைச்சிக்கு இளஞ்சிவப்பு நிறத்தைத் தருவதும் அதுவே. ஆனால் இப்பொருள் இருமுனைக் கத்தி போன்றது. குறைந்தால் கிருமி அடங்காது. மிகுந்தாலோ, இரத்தம் உயிர்வாயுவைச் சுமக்கும் ஆற்றலைக் கெடுத்துவிடும். கடும் சூட்டில் வறுக்கும்பொழுது நைட்ரோசமின்கள் என்னும் தீய பொருள்களும் தோன்றும். ஆகவே சரியான அளவு இறைச்சியின் ஒவ்வொரு பகுதிக்கும் சென்று சேரவேண்டும். பதன ஆலையின் பொறிகளுக்கு உரிய தலையாய கடமை இதுவே.

இனி, இறைச்சித் துண்டு ஒன்று ஆலைக்குள் செல்லும் வழியை நாமும் பின்தொடர்வோம்.

முதலில் நம் கண்ணிற்படுவது தலைக்கு மேலே ஓடும் இருப்புத் தண்டவாளம். அதில் உருளும் கொக்கிகளில் இறைச்சி தொங்கியபடியே நகர்கிறது. பாரத்தை மனிதன் தோளில் சுமக்க வேண்டியதில்லை. இறைச்சி தரையைத் தொடுவதுமில்லை. அமெரிக்காவின் சிகாகோ நகரத்து இறைச்சிக்கூடங்களில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இம்முறை தழைத்தது. தொழிலாளி ஓரிடத்தில் நிற்பான். வேலை அவனைத் தேடி வரும். மோட்டார் வண்டிகளைக் கோவைமுறையில் பூட்டும் எண்ணம் இந்தத் தொங்கு தண்டவாளத்தைக் கண்டே ஒருவாறு எழுந்தது என்று ஹென்றி ஃபோர்டு தம் நூலில் எழுதியிருக்கிறார். அங்கே மாட்டை உறுப்பு உறுப்பாகப் பிரித்தனர். இங்கே வண்டியை உறுப்பு உறுப்பாகச் சேர்த்தனர். முறை ஒன்றே, திசைதான் வேறு.

அடுத்து வருவது உப்புநீர் ஊசிப்பொறி. முற்காலத்தில் இறைச்சியின் மேல் உப்பைத் தேய்த்து வாரக்கணக்கில் அடுக்கி வைப்பார்கள். அல்லது உப்புநீர்த் தொட்டியில் ஊறவைப்பார்கள். உப்பு மெல்ல மெல்ல உள்ளே செல்வதற்குள் தடித்த துண்டின் நடுப்பகுதி கெட்டுப்போவதும் உண்டு. ஊசிப்பொறி அத்தொல்லையை நீக்கியது. நகரும் பட்டையின் மேல் இறைச்சி படிப்படியாக முன்னேறுகிறது. மேலிருந்து வரிசை வரிசையாகத் துளையுள்ள ஊசிகள் இறங்கி, உப்புநீரை உள்ளே செலுத்திவிட்டு மேலெழுகின்றன. எலும்பில் முட்டிய ஊசி உடைந்துபோகாமல் தானே பின்வாங்குவதற்கு அதன் தலையில் சுருள்வில் போன்ற அமைப்பு உண்டு.

இங்கே ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். ஊசியால் உப்புநீர் ஏற்றிய பேக்கனில், இறைச்சியின் எடையில் பத்து இலட்சத்துக்கு 120 பங்கு சோடியம் நைட்ரைட் சேரவேண்டும் என்பது அமெரிக்க அரசின் விதி. அதாவது 100 கிலோ இறைச்சிக்கு 12 கிராம். அந்த 100 கிலோவில் 10 கிலோ உப்புநீரை ஏற்றுவது ஆலையின் திட்டமாயின், அந்த 10 கிலோ உப்புநீரில் 12 கிராம் நைட்ரைட் கரைந்திருக்க வேண்டும். இப்பொழுது பொறியின் அழுத்தம் தவறி 15 கிலோ உப்புநீர் ஏறிவிட்டது என்று கொள்வோம். நைட்ரைட் 18 கிராம் ஆகிவிடும்; விதி மீறப்பட்டுவிடும். ஊசிகள் சில அடைத்துக்கொண்டு 5 கிலோ மட்டுமே ஏறினாலோ வெறும் 6 கிராம்தான் சேரும்; காப்பு குன்றிவிடும். எனவேதான் பொறிக்குள் நுழையுமுன் ஒருமுறையும் வெளிவந்தபின் ஒருமுறையும் இறைச்சியை நிறுத்துப் பார்க்கின்றனர். தராசு வணிகனுக்கு மட்டும் உரிய கருவியன்று. இங்கே அது உயிர்காக்கும் கருவியாகவும் விளங்குகிறது.

ஹாம் செய்யும் ஆலைகளில் ஊசிப்பொறியை அடுத்து உருள்கலம் ஒன்று நிற்கும். துருப்பிடிக்காத எஃகினால் ஆன பெரிய பீப்பாய் அது. இறைச்சியை அதனுள் இட்டு, காற்றை உறிஞ்சியெடுத்துவிட்டு, குளிர்ந்த நிலையில் மெல்லச் சுழற்றுவார்கள். துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து பிசையப்படுகின்றன. உப்புநீர் எங்கும் சீராகப் பரவுகிறது. உப்பில் கரையும் புரதம் கசிந்து பசைபோல் மேலே படர்கிறது. பின்னர் வேகும்பொழுது துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கட்டியாக இறுகுவது இதனாலேயே.

பேக்கனுக்கு உரிய வயிற்றுப்பகுதி இறைச்சியோ, சீப்புப் போன்ற பலமுனைக் கொக்கிகளில் மாட்டப்பட்டுப் புகையறைக்குச் செல்கிறது. மரத்தூள் கனன்று எழும் புகையும் அளந்து கொடுக்கும் வெப்பமும் ஈரக்காற்றும் மணத்தையும் நிறத்தையும் தருகின்றன. துண்டுகள் ஒன்றையொன்று தொடாமல் தொங்கவேண்டும். தொட்ட இடத்தில் புகை படியாது. புகையூட்டிய இறைச்சியை உடனே குளிரவைத்து, உறைநிலைக்குச் சற்றுக் கீழே கொண்டுவந்து, அழுத்துபொறியில் இட்டு ஒழுங்கான பலகை வடிவாக்குகின்றனர். இளகிய இறைச்சி கத்தியில் இழுபட்டுக் கிழியும். கல்லாக உறைந்ததோ உடைந்து சிதறும். இரண்டுக்கும் இடைப்பட்ட பதத்திலேதான் சீரான சீவல் கிட்டும்.

சீவும் பொறிக்கு ஒரு வரலாறு உண்டு. ஹாலந்தின் ராட்டர்டாம் நகரில் இறைச்சி வணிகம் செய்துவந்த வில்லெம் வான் பெர்க்கல் என்பவர், கையால் சீவும் அசைவைப் பொறியில் அமைக்க விரும்பி, சுழலும் வட்டக் கத்தியையும் அதனை நோக்கி நகரும் தட்டையும் இணைத்து 1898-ஆம் ஆண்டில் சீவுபொறியை உருவாக்கினார். கைப்பிடிச் சக்கரத்தைச் சுற்றினால் போதும். தாள் போன்ற சீவல்கள் விழுந்தன. இன்றைய ஆலைப் பொறிகளோ நிமிடத்துக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட சீவல்களை வெட்டி, அடுக்கி, நிறுத்து, காற்றகற்றிய உறைக்குள் சேர்க்க அனுப்பிவிடுகின்றன. முடிவில் உலோகம் காட்டும் கருவி ஒன்று காவல் நிற்கிறது. ஊசிமுனையோ கத்திச் சில்லோ கலந்திருப்பின் அந்தப் பொட்டலத்தை அது ஒதுக்கித் தள்ளிவிடும்.

இவ்வளவு திறமையும் ஒரு மூலையில் தேங்கிய அழுக்கினால் வீணாகக்கூடும் என்பதற்கு 2008-ஆம் ஆண்டில் கனடா நாட்டில் நிகழ்ந்த பெருந்துயரம் சான்று. டொராண்டோ நகரத்து ஆலை ஒன்றில் சீவிப் பொதியப்பட்ட இறைச்சியின் வழியே லிஸ்டீரியா என்னும் கிருமி பரவியது. 57 பேர் நோயுற்றனர். 22 பேர் மாண்டனர். மாண்டோரில் பெரும்பாலோர் முதியோர். மருத்துவ நிலையங்களிலும் முதியோர் இல்லங்களிலும் அளித்த உணவை நம்பி உண்டவர்கள். சீவுபொறிகளின் உட்புறத்தில், வழக்கமான கழுவுதல் எட்டாத ஆழத்தில், இறைச்சித் துகள்கள் தேங்கிக் கிருமிக்கு இருப்பிடமாகியிருக்க வேண்டும் என்பது ஆய்ந்தோர் கொண்ட கருத்து. ஏனைய கிருமிகள் பல குளிரில் முடங்கிவிடும். லிஸ்டீரியாவோ குளிர்பெட்டிக்குள்ளும் மெல்லப் பெருகவல்லது. இதுவே அதன் கொடுமை.

இதிலிருந்து பொறி செய்வோர் கற்கவேண்டிய பாடம் தெளிவானது. நன்கு வெட்டும் பொறி மட்டும் நல்ல பொறியாகாது. நன்கு கழுவத்தக்க பொறியே நல்ல பொறி. நீர் தேங்கும் பள்ளங்கள் கூடா. திறந்த திருகுமரைகளும், ஒழுகும் உட்குழல்களும், அரைகுறையாகப் பற்றவைத்த மூட்டுகளும் கூடா. உறுப்புகளை எளிதில் கழற்றி, கண்ணால் பார்த்து, கையால் தொட்டுச் சோதிக்க இயலவேண்டும். கழுவுவதற்கும் முறை உண்டு. முதலில் துகள்களை உலர்ந்த நிலையிலேயே அகற்ற வேண்டும். பின்னர் நீரால் அலசி, நுரைக்கும் சோப்புக் கரைசலால் தேய்த்து, மீண்டும் அலசி, கூர்ந்து சோதித்து, அதன்பிறகே கிருமிநாசினியைத் தெளிக்க வேண்டும். அழுக்கின்மேல் தெளித்த கிருமிநாசினி, சேற்றின்மேல் பூசிய சுண்ணாம்புக்கே நிகர்.

கழுவும் வேளைதான் தொழிலாளிக்கும் அபாயமான வேளை. பொறி நின்றுவிட்டது என்று எண்ணிக் கையை உள்ளே விடும்பொழுது, வேறொருவர் விசையை அழுத்திவிட்டால் என்ன ஆகும்? இதற்கென ஓர் எளிய ஒழுங்கு ஏற்பட்டிருக்கிறது. மின்விசையை நிறுத்தி, அந்த விசைக்குத் தம் சொந்தப் பூட்டைப் பூட்டி, சாவியைத் தம் பையிலேயே வைத்துக்கொண்டு, கத்தி முற்றும் நின்றதைக் கண்டபின்னரே தொழிலாளி பொறியைத் தொடவேண்டும். கைக்கத்தியால் வேலை செய்வோருக்கு எஃகு வளையக் கையுறை காவலாகும். அதே கையுறை, தோல் உரிக்கும் பொறியின் பற்களில் சிக்கினால் கையையே உள்ளே இழுத்துவிடும். அங்கே அது பகையாகும். இயங்கும் பொறிகளுக்குக் காப்புவேலி இடவேண்டும் என்பதை நம் நாட்டில் 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் தன் 21-ஆம் பிரிவிலேயே கட்டாயமாக்கியது. வேலியைக் கழற்றிவிட்டு விரைவாக வேலை செய்யுமாறு யார் சொன்னாலும், அச்சொல்லுக்கு இணங்குவது விரலைப் பணயம் வைப்பதாகும்.

வெளி மாநிலத்தில் உழைக்கும் நம்மவருக்கு இதில் ஒரு தனிக் கவலையும் உண்டு. பொறியின் மேலுள்ள எச்சரிக்கைப் பலகை பெரும்பாலும் அவ்வூர் மொழியிலோ ஆங்கிலத்திலோ இருக்கும். புரியாத எச்சரிக்கை எழுதப்படாத எச்சரிக்கைக்குச் சமம். எனவே முதல் நாளிலேயே, மொழியறிந்த தோழர் ஒருவரை அருகழைத்து, எந்த விசை ஓட்டுவது, எது நிறுத்துவது, ஆபத்தில் எதை அழுத்துவது என்பவற்றைக் கேட்டுத் தெளிவது கடமை. கேட்பதில் இழுக்கு எதுவுமில்லை. நெடுநாள் இருந்து மொழி கற்றுவிட்டவர், புதிதாக வந்தவருக்குக் கேளாமலே சொல்லிக் கொடுப்பது அதனினும் பெரிய கடமை.

வாங்கி உண்போருக்கும் சில சொற்கள். காற்றகற்றிய பொட்டலம் என்பதால் அதை வெளியே வைத்திருக்கலாம் என எண்ணலாகாது. குளிர்பெட்டியிலேயே வைத்து, குறித்த நாளுக்குள் பயன்படுத்த வேண்டும். கருவுற்ற பெண்களும் முதியோரும் நோயால் தளர்ந்தோரும் சீவிய இறைச்சியை ஆவி எழச் சூடாக்காமல் உண்ணுதல் தகாது. சூட்டில் லிஸ்டீரியா அழிந்துவிடும். அளவும் முக்கியம். பதனிட்ட இறைச்சி மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015-ஆம் ஆண்டில் வகைப்படுத்தியது. நாள்தோறும் 50 கிராம் உண்போருக்குப் பெருங்குடற் புற்றுநோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 18 விழுக்காடு மிகுகிறது என்றும் அது கணக்கிட்டது. எப்பொழுதாவது உண்பது வேறு. பிள்ளைகளின் அன்றாடச் சிற்றுண்டியாக்குவது வேறு.

வெயிலும் கயிறும் செய்த வேலையை இன்று ஊசியும் உருள்கலமும் சுழற்கத்தியும் செய்கின்றன. வேகம் பன்மடங்கு பெருகியிருக்கிறது; ஒரு தவறு சென்று சேரும் தொலைவும் அவ்வாறே பெருகியிருக்கிறது. ஒரு வீட்டு உப்புக்கண்டம் கெட்டால் அவ்வீட்டார்க்கே கேடு. ஓர் ஆலையின் சீவுபொறி அழுக்கேறினால் நாடெங்கும் கேடு. ஆகவே, அளந்து ஊற்றும் கையும், கழற்றிக் கழுவும் கையும், பூட்டிச் சாவியைப் பையில் இடும் கையும் இருக்கும்வரையில்தான் அப்பொறிகள் நமக்குத் தொண்டு செய்யும்.