குரசோப் பறவையின் முடியணி

மயிலின் கொண்டையையும் சேவலின் செந்நிறச் சூட்டையும் அறியாதார் இலர். இவற்றோடு கோழி வரிசையிலேயே வைத்தெண்ணப்படும் வேறொரு குடும்பம், அமெரிக்கக் கண்டத்தில், தெக்சாசின் தென்கோடி தொடக்கம் ஆர்ஜென்டீனா வரையுள்ள காடுகளில் வாழ்கின்றது. ஐம்பதுக்கு மேற்பட்ட இனங்களைக் கொண்ட இக்குடும்பத்தைச் சச்சலாக்கா, குவான், குரசோ என மூன்றாகப் பகுத்துக் கூறுவது எளிது. சச்சலாக்கா தன் கூவலாலேயே பெயர் பெற்றது. குரசோ மூன்றினுள்ளும் பேருருவம் படைத்தது.

கோழியின் பின்விரல் ஏனைய விரல்களுக்குச் சற்று மேலே அமைந்திருக்கும். இக்குடும்பத்திலோ அது முன்விரல்களுக்குச் சமமாகவே அமைந்துள்ளது. ஆதலின் இவை மரக்கிளையை நன்கு பற்றி நிற்கவல்லன. கூடு கட்டுவதும் மரத்திலேயே. குரசோ பெரும்பாலும் இரண்டு முட்டைகளே இடும். பத்துப் பன்னிரண்டு குஞ்சுகளுடன் திரியும் வீட்டுக் கோழியை எண்ணிப் பார்த்தால், வேட்டையால் இழந்த தொகையை இப்பறவை ஈடுசெய்வது எத்துணை அரிதென்பது புலனாகும்.

இனி, முடியணிகளை நோக்குவோம். மத்திய அமெரிக்காவின் பெருங் குரசோவில், சுருண்ட கொண்டையோடு, ஆணின் அலகடியில் மஞ்சட் குமிழொன்றும் உண்டு. பெண்ணுக்குக் குமிழ் இல்லை. அமேசன் ஆற்றங்கரைக் காடுகளில் வாழும் மற்றோர் இனத்தின் ஆணுக்குக் குமிழும் அலகின் கீழ்த் தொங்கும் தசையும் சிவப்பாயிருக்கும். வெனிசுவேலா, கொலம்பியா மலைகளில் வாழும் தலைச்சீராக் குரசோவோ, அத்திக்காய் போன்ற நீலச்சாம்பல் நிறப் புடைப்பொன்றை நெற்றியிற் சுமந்து நிற்கும். குவாத்தமாலாவின் முகில் படிந்த மலைக்காடுகளில் வாழும் கொம்புக் குவானின் உச்சியிற் செந்நிறக் கொம்பொன்று நிமிர்ந்திருக்கும். தலைச்சீராக் குரசோவில் ஆணும் பெண்ணும் இவ்வணியைப் பூண்டிருத்தலால், இஃது ஆண் பெண்ணைக் கவர்வதற்கு மட்டுமே அமைந்ததெனக் கூறுதல் பொருந்தாது.

கண்ணைக் கவரும் இவ்வணிகளையே இனம் பிரிக்கும் அளவுகோலாகக் கொள்வது முற்றிலும் தவறன்று. எனினும் அது போதுமானதுமன்று. பிரேசில் நாட்டின் அலகோவாஸ் மாநிலத்துக் குரசோவின் வரலாறு இதனை நன்கு காட்டும். 1648 ஆம் ஆண்டில் வெளியான நூலொன்றில் மார்க்கிராவ் என்னும் செர்மானிய இயற்கையறிஞர் இப்பறவையை விவரித்தார். 1766 இல் லின்னேயஸ் அதற்கு இலத்தீன் பெயரிட்டார். அதன்பின் நெடுங்காலம் அதன் உடலொன்றுதானும் அறிஞர் கைக்கு எட்டவில்லை. அமேசன் பகுதியிலுள்ள கூரலகுக் குரசோவும் கருநிறமே. செவ்வலகின் மேல் உயர்ந்த விளிம்பும் உடையது. முடியணியை மட்டும் பார்த்தவர்க்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றின.

1951 இல் பின்டோ என்னும் பிரேசில் அறிஞர் அலகோவாஸ் காட்டில் அப்பறவையைக் கண்டறிந்தார். அதன் காதருகே சாம்பல் நிறத் தோல் சிறகின்றி வெளித்தெரிந்தது. வாலின் நுனியும் கூரலகுக் குரசோவினது போல் வெண்மையாயிராமல் வெளிர்பழுப்பாயிருந்தது. வேறுபாடு காதருகிலும் வால்நுனியிலும் இருந்தது. இவ்வளவு கண்டபின்னும் அதனை மற்றதன் கிளையினமாகவே கருதிய நூல்கள் இருந்தன.

நூல்கள் இவ்வாறு தயங்கிக்கொண்டிருக்க, கரும்புத் தோட்டத்துக்காகக் காடுகள் வெட்டப்பட்டன. வேட்டையும் நிற்கவில்லை. 1980 களின் இறுதியில் அப்பறவை தன் காட்டிலிருந்தே மறைந்துபோயிற்று. எஞ்சியவை, முன்னரே பிடித்து வளர்க்கப்பட்ட மிகச் சிலவற்றின் வழிவந்தவை; அவற்றுட் சில கூரலகுக் குரசோவோடு கலப்புற்றுமிருந்தன. பின்னர் மரபணு ஆய்வு இரண்டும் வெவ்வேறினங்களே என்று உறுதிப்படுத்தியது. தூய வழிவந்தவற்றைக் கலப்பினின்றும் பிரித்தெடுக்கவும் அவ்வாய்வு உதவிற்று. 2019 இல் சில இணைகள் அலகோவாஸ் காட்டிற்கு மீளக் கொண்டுவரப்பட்டன.