மூழ்குகிறவர் கூச்சல் போடமாட்டார்



பள்ளி விடுமுறை வந்தாலே, "அப்பா, நீச்சல் குளத்துக்குப் போவோம்பா!" என்று பிள்ளைகள் நச்சரிக்கத் தொடங்கிவிடும். நகராண்மைக் கழகக் குளம், தண்ணீர்ப் பூங்கா, போர்ட்டிக்சன் பக்கம் வாடகைக்கு எடுக்கும் வீட்டுக் குளம் என்று போக இடமா இல்லை? தாராளமாகப் போய் வாருங்கள். வெயிலிலும் மழையிலும் உழைக்கும் குடும்பத்துக்கு இந்தச் சந்தோஷம் வேண்டியதுதான். போகுமுன் இந்தப் பகுதியை ஒரு தடவை படித்துவிடுங்கள்.

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2021ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறக்குறைய 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள். அவர்களில் நான்கில் ஒரு பங்கு 5 வயது நிறையாத குழந்தைகள்.

"பிள்ளை மூழ்கினா கத்தாதா? நாம பக்கத்துலதானே இருக்கோம்" என்று நினைக்கிறோம். அங்கேதான் ஆபத்து. மூழ்குகிறவரின் வாய் நீருக்கு மேலும் கீழுமாகப் போய் வருகிறது. மேலே வரும் அந்த ஒரு நொடியில் மூச்சை இழுக்கத்தான் நேரம் இருக்கும், கத்த நேரம் இருக்காது. கையை உயர்த்தி ஆட்டவும் முடியாது. இரண்டு கையும் தன்னாலே நீரை அமுக்கிக்கொண்டிருக்கும். தலை பின்னால் சாய்ந்து, உடம்பு செங்குத்தாக நிற்கும். தூரத்தில் இருந்து பார்த்தால் விளையாடுவது போலவே தெரியும். 20 முதல் 60 விநாடிக்குள் பிள்ளை உள்ளே போய்விடும். கைப்பேசியில் ஒரு செய்தி படிக்கிற நேரம்தான் அது.

"எங்க பையன் தோட்டத்து ஆத்துல குதிச்சு வளந்தவன்" என்று சிலர் சொல்வதுண்டு. ஆற்றில் ஆடுவது வேறு, ஆழத்தில் நீந்துவது வேறு. குளத்தின் தரை ஒரு பக்கம் இடுப்பளவில் தொடங்கி, மறுபக்கம் தலைக்கு மேல் இறங்கிவிடும். தெளிந்த தண்ணீர் கண்ணை ஏமாற்றும். இருக்கிற ஆழத்தைவிடக் குறைவாகவே காட்டும். ஆகவே குளத்து ஓரத்தில் எழுதியிருக்கும் மீட்டர் கணக்கை முதலில் பாருங்கள்.

பொதுக் குளங்களில் உயரமான நாற்காலியில் உயிர்காப்பாளர் உட்கார்ந்திருப்பார். அவர் சும்மா உட்கார்ந்திருப்பதாக எண்ணாதீர்கள். தன் பகுதி முழுவதையும் 10 விநாடிக்குள் கண்ணால் சுற்றிவர வேண்டும், ஆபத்தைக் கண்டால் 20 விநாடிக்குள் போய்ச் சேர வேண்டும் என்று பல இடங்களில் அவருக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள். அவரிடம் நின்று கதை பேசாதீர்கள். அவர் விசில் ஊதினால், "இவன் யாரு நம்மள அதட்ட?" என்று சண்டைக்கும் போகாதீர்கள். வெயிலில் காயும் அவரும் நம்மைப் போல ஒரு தொழிலாளிதான்.

அதே சமயம், உயிர்காப்பாளர் நம் பிள்ளைக்கு ஆயா அல்ல. ஒரே ஆள் ஐம்பது தலையைப் பார்க்கிறார். வாடகை வீடுகளிலும் அடுக்குமாடிகளிலும் பல குளங்களில் அவரும் கிடையாது. அங்கே உயிர்காப்பாளர் நீங்கள்தான்.

கடைப்பிடிக்க வேண்டியவை:

1. எல்லாரும் பார்க்கிறோம் என்றால் யாரும் பார்க்கவில்லை என்று அர்த்தம். பெரியவர் ஒருவரை முறை வைத்து நிறுத்துங்கள். 15 நிமிடத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றுங்கள். பார்ப்பவர் கையில் கைப்பேசியும் கூடாது, பீரும் கூடாது.

2. நீந்தத் தெரியாத பிள்ளை உங்கள் கைக்கு எட்டும் தூரத்திலேயே இருக்கட்டும். காற்றடைத்த டியூப் விளையாட்டுச் சாமான். அது உயிரைக் காக்காது.

3. ஓரத்தில் ஓடக்கூடாது. ஆழம் குறைந்த இடத்தில் தலைகீழாகப் பாயக்கூடாது, கழுத்தெலும்பு முறியும்.

4. நீருக்கடியில் யார் அதிக நேரம் மூச்சைப் பிடிப்பது என்று பந்தயம் வேண்டாம். நன்றாக நீந்துகிறவரும் அதில் மயங்கிப் போவதுண்டு.

5. வயிற்றுப்போக்கு உள்ள பிள்ளையைக் குளத்தில் இறக்காதீர்கள். மற்றவர்களுக்கும் தொற்றும்.

யாராவது மூழ்கினால், பதறிப்போய் உடனே குதிக்காதீர்கள். மூழ்குகிறவர் பயத்தில் உங்களையும் கட்டிப்பிடித்து அமுக்கிவிடுவார். உயிர்காப்பாளரைக் கூப்பிடுங்கள். கம்பையோ துண்டையோ நீட்டுங்கள். மிதவையை எறியுங்கள், அது இல்லாவிட்டால் மூடிய காலி எண்ணெய்ப் போத்தலும் உதவும்.

கரையேற்றியதும் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதும், வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பதும் வேண்டாம். அதில் போவது பொன்னான நேரம். மூச்சில்லை என்றால் ஒருவர் 999க்கு அழைக்கட்டும். இன்னொருவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு வாயோடு வாய் வைத்து 5 முறை ஊதட்டும். பிறகு நெஞ்சின் நடுவில் 30 முறை வேகமாக அழுத்தி, 2 முறை ஊத வேண்டும். உதவி வரும்வரை விடாமல் இதையே செய்யுங்கள். சில நிமிடம் காற்று இல்லாவிட்டாலே மூளை கெடத் தொடங்கும். பிழைத்து எழுந்தவரையும் மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள்.

இதைப் படித்தால் மட்டும் கைக்கு வராது, பழக வேண்டும். மலேசியச் செம்பிறைச் சங்கமும் செயின்ட் ஜான் ஆம்புலன்சும் முதலுதவிப் பயிற்சி தருகின்றன. கிளைத் தலைவர்கள் அடுத்த குடும்ப தினத்துக்கு முன் இதற்கு ஏற்பாடு செய்யலாமே! குளத்துக்குப் பஸ் ஏறும்போது பெரட்டில் பெயர் கூப்பிடுவது போலப் பிள்ளைகளை எண்ணுங்கள். தண்ணீரில் இறங்கும்போதும், ஏறும்போதும் எண்ணுங்கள். எண்ணிக் கூட்டிப்போன பிள்ளைகள் அத்தனையும் எண்ணிக் குறையாமல் வீடு திரும்பட்டும்.