விண்வெளி அருங்காட்சியகத்தில் குழந்தைகள் கற்பது என்ன?

விண்வெளி அருங்காட்சியகத்திற்குச் சென்று திரும்பும் குழந்தையிடம், "என்ன பார்த்தாய்?" என்று கேட்டால், "பெரிய இராக்கெட்டு பார்த்தேன்" என்னும் விடையே பெரும்பாலும் கிடைக்கும். வியப்பு நல்லதே. ஆனால் வியப்போடு நின்றுவிட்டால், பொருட்காட்சியில் இராட்டினம் பார்த்ததற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை. ஆறு முதல் பத்து வயது வரையுள்ள குழந்தைகள் அங்கே எவற்றைக் கற்க இயலும்? திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவில் உள்ள அருங்காட்சியகத்தைக் கொண்டு இதை ஆராய்வோம்.

இடமே முதற்பாடம்

இந்த அருங்காட்சியகம் அமைந்திருப்பது புனித மரிய மக்தலேனா தேவாலயத்தில். இராக்கெட்டு ஏவுதளத்திற்காக அவ்வூர் மீனவ மக்கள் அதை விட்டுக்கொடுத்தனர். தொடக்க நாட்களில் அதுவே விஞ்ஞானிகளின் அலுவலகமாக விளங்கியது. 1963 நவம்பர் 21 அன்று அமெரிக்கத் தயாரிப்பான நைக்-அப்பாச்சி இராக்கெட்டு தும்பாவிலிருந்து ஏவப்பட்டது.

ஏன் இந்தக் கடற்கரை? புவியின் காந்த நடுக்கோடு இதன் அருகே சென்றதே காரணம். அக்கோட்டிற்கு மேலே, ஏறத்தாழ 110 கி.மீ. உயரத்தில், பகல் வேளையில் வலுவான மின்னோட்டம் ஒன்று பாய்கிறது. பலூன்கள் அந்த உயரத்தை எட்டமாட்டா. செயற்கைக்கோள்கள் அவ்வளவு தாழ்வில் நிலைத்துச் சுற்றமாட்டா. ஆகவே அதை நேரில் அளக்க இராக்கெட்டே வழி. இராக்கெட்டு வெறும் வேடிக்கைப் பொருளன்று, ஒரு கேள்விக்கு விடை தேடும் கருவி என்பதைக் குழந்தை இங்கே உணர்ந்துகொள்ளும்.

அளவை உணர்தல்

1967இல் தும்பாவிலிருந்து ஏவப்பட்ட ரோகிணி-75 இராக்கெட்டின் பெயரிலுள்ள 75, அதன் விட்டத்தை மில்லிமீட்டரில் குறிக்கும். செய்தித்தாளைச் சுருட்டி அதே பருமனுள்ள குழாயைக் குழந்தை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். அடுத்து எஸ்.எல்.வி.-3ஐப் பாருங்கள். உயரம் 22 மீட்டர். எடை 17 டன். 1980 சூலை 18 அன்று அது சுற்றுப்பாதையில் செலுத்திய ரோகிணி செயற்கைக்கோளின் எடையோ 35 கி.கி. மட்டுமே! ஆறாம் வகுப்புச் சிறுவன் ஒருவனின் எடைதான் அது. மீதியெல்லாம் பெரும்பாலும் எரிபொருளே. எரிந்து முடிந்த நிலைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி விடுவது ஏன் என்று இப்போது கேட்டால், வீண் சுமையைச் சுமக்க வேண்டாமே என்று குழந்தையே விடை சொல்லிவிடும்.

இரண்டு தவறான எண்ணங்கள்

கீழே உள்ள காற்றை உதைத்து இராக்கெட்டு மேலே போகிறது என்று பலர் எண்ணுகின்றனர். அப்படியானால் காற்றில்லா வெளியில் அது எவ்வாறு இயங்கும்? சக்கரப் பலகையில் அமர்ந்த சிறுவன் கனமான பந்தை முன்னே எறிந்தால், அவன் பின்னே நகர்வான். அவனை நகர்த்தியது காற்று அன்று. பந்தை எறிந்த செயலே. இராக்கெட்டும் அவ்வாறே வெப்ப வாயுவைப் பின்னே எறிந்து முன்னே செல்கிறது. நியூட்டனின் மூன்றாம் விதி இதுவே.

மற்றொன்று, விண்வெளி வீரர்கள் மிதப்பதற்குக் காரணம் அங்கே ஈர்ப்பு விசை இல்லாமையே என்னும் எண்ணம். 400 கி.மீ. உயரத்திலும் புவியின் ஈர்ப்பு, தரையில் உள்ளதில் ஏறத்தாழ 90 விழுக்காடு இருக்கிறது. கலமும் வீரரும் சேர்ந்தே புவியை நோக்கி விழுந்துகொண்டிருக்கின்றனர். பக்கவாட்டு வேகம் மிகுதியாக இருப்பதால் தரையைத் தொடாமல் சுற்றுகின்றனர். சேர்ந்து விழுவதால் மிதக்கின்றனர். இவ்வெண்ணங்கள் சிறுவயதில் வேரூன்றிவிட்டால், கல்லூரி வகுப்பிலும் அகற்றுவது கடினம்.

தோல்வியும் ஒரு பாடம்

எஸ்.எல்.வி.-3இன் முதல் முயற்சி 1979 ஆகஸ்டில் வெற்றி பெறவில்லை. இரண்டாம் நிலையின் கட்டுப்பாட்டு அமைப்பில் கோளாறு நேர்ந்து, இராக்கெட்டு கடலில் வீழ்ந்தது. காரணத்தைக் கண்டறிந்து திருத்தி, ஓராண்டிற்குள் வெற்றி கண்டனர். கணக்கில் ஒருமுறை தவறினாலே மனம் தளரும் குழந்தைக்கு இதைச் சொல்ல வேண்டும்.

பெற்றோரும் ஆசிரியரும் செய்ய வேண்டியது சிறிதே. எல்லாவற்றையும் ஒரே நாளில் காட்ட முயலாமல், மூன்று நான்கு பொருள்களின் முன் நின்று பேசுங்கள். புறப்படுமுன் குழந்தை ஒரு கேள்வியை எழுதிக்கொள்ளட்டும். திரும்பியபின் ஒரு படம் வரையட்டும். "என்ன பார்த்தாய்?" என்பதற்குப் பதிலாக, "அது எப்படி வேலை செய்கிறது?" என்று கேளுங்கள்.