நின்று நின்று வரும் மூச்சு

சென்ற கோடை விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தபோது, ஒரு நாள் நள்ளிரவில் தாயார் என்னைத் தட்டி எழுப்பினார். "அப்பா மூச்சைக் கொஞ்சம் கவனிடா" என்றார். இருதயம் தளர்ந்து சில ஆண்டுகளாக மருந்துண்டுவரும் தகப்பனார் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். மூச்சு மெல்ல எழுந்தது; வர வரப் பெரிதாகி இரைத்தது; பிறகு சிறுகச் சிறுகத் தணிந்து அடியோடு நின்றுவிட்டது. கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன். இருபது விநாடி! எழுப்பிவிடலாம் என்று கையை நீட்டிய கணத்தில் மூச்சு மறுபடியும் மெல்ல எழுந்தது.

இத்தகைய சுவாசத்தை 1818-ஆம் ஆண்டிலேயே டப்ளின் நகர வைத்தியர் ஜான் செய்ன் எழுதி வைத்திருக்கிறார். அவருடைய நோயாளிக்கும் கால் நிமிஷம் மூச்சு நின்றது. ஒரு சுற்று முடிய ஏறத்தாழ ஒரு நிமிஷம் ஆயிற்று. 1854-இல் அதே நகரத்து வில்லியம் ஸ்டோக்ஸும் இதை விவரித்தார். அவ்விருவர் பெயராலேயே இது இன்றும் வழங்குகிறது.

குறட்டைக்காரருக்கு மூச்சு நிற்பது பெரும்பாலும் தொண்டை அடைபடுவதால். இங்கோ தொண்டையில் தடையில்லை. மூச்சு விடும்படி மூளையிலிருந்து வரவேண்டிய கட்டளைதான் வருவதில்லை. ஏன்? நம் விடுதிக் குளியலறையை நினைத்துக்கொள்ளுங்கள். கீசர் ஒரு கோடி, குழாய் மறு கோடி. வெந்நீரைத் திறக்கிறோம்; தண்ணீர் சில்லென்றே வருகிறது. இன்னும் திறக்கிறோம், சற்றுப் பொறுத்து உடம்பு வெந்துபோகிறது. பதறி மூடினால் மறுபடியும் பனி! குற்றம் கீசரிலும் இல்லை, கையிலும் இல்லை. இடையிலுள்ள தாமதத்தில் இருக்கிறது.

உறக்கத்தில் மூச்சை ஆள்வது பெரும்பாலும் இரத்தத்திலுள்ள கரியமில வாயு. அது ஓர் எல்லைக்குக் கீழே இறங்கினால் மூளை மூச்சை நிறுத்தி வைக்கும். இருதயம் தளர்ந்தவர்க்கு நுரையீரலில் இரத்தம் தேங்கி, அங்குள்ள நரம்புகளைத் தூண்டி, மூச்சை மிகையாக்குகிறது. வாயு வெளியேறி எல்லையைத் தாண்டிக் குறைகிறது. அச்செய்தியை மூளைக்குக் கொண்டுசெல்ல வேண்டிய இரத்தமோ மெதுவாக நகர்கிறது. செய்தி சேர்வதற்குள் மூச்சு அளவு மீறிவிடுகிறது, சேர்ந்ததும் நிற்கிறது. நின்ற செய்தியும் தாமதித்தே சேர்கிறது.

அப்படியானால் இயந்திரத்தால் காற்றைச் செலுத்தி மூச்சைச் சீராக்கிவிடலாமே என்று எனக்கும் தோன்றிற்று. அதைத்தான் 1,325 நோயாளிகளிடம் சோதித்தார்கள். முடிவு 2015-இல் வெளியாயிற்று. மூச்சு சீராயிற்று. ஆனால் இருதய, இரத்தக்குழாய்க் கோளாறுகளால் இறந்தவர்கள், இயந்திரம் பெறாதவரில் நூற்றுக்கு 24. பெற்றவரில் ஏறத்தாழ 30! 2024-இல் வெளியான, வேறு இயந்திரத்தைக் கொண்ட ஆய்வில் இத்தீங்கு காணப்படவில்லை. ஆயுள் கூடவும் இல்லை. நின்று நின்று வரும் மூச்சே தளர்ந்த இருதயத்துக்கு ஒருவகை ஓய்வோ என்று ஐயுறுவோரும் உண்டு. ஆகவே வைத்தியர்கள் முதலில் இருதயத்தையே கவனிக்கிறார்கள்.

தாயார் நான் குறித்த கணக்கைக் காகிதத்தோடு வைத்தியரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். அவர் நீர் பிரியும் மாத்திரையின் அளவை மாற்றினார். அதற்கு முன் ஒவ்வொரு முறையும், "தூக்கம் எப்படி?" என்று அவர் கேட்டது தகப்பனாரிடம்தான். தகப்பனார் இன்றும், "நன்றாகத்தானே தூங்கினேன்!" என்கிறார்.