பிணை கிடைத்தும் திறக்காத கதவு

பிணை ஆணை கிடைத்தால் விடுதலை உறுதி என்று நம்புகிறோம். ஆனால், சொத்துள்ள பிணையாளர் கேட்கப்படும்போது ஏழைகளுக்கு அந்த ஆணை வெறும் காகிதமாகிவிடுகிறது.

சாதியின் பெயரால் வாடகை வீடு மறுக்கப்படுவோர் அடிக்கடி குடிபெயர நேர்கிறது. நிலையான முகவரியைக் காட்டுவது அவர்களுக்குக் கடினம். இலவச மனைப்பட்டா பெற்ற உறவினர் பிணை நிற்க முன்வந்தாலும், விற்கக்கூடாது என்னும் நிபந்தனையுள்ள வீட்டுக்குச் சொத்து மதிப்புச் சான்று பெறுவது எளிதன்று. நிலம் பறிபோகாமல் காக்கும் நிபந்தனையே இங்கே தடையாகிறது.

1978ஆம் ஆண்டு மோதி ராம் வழக்கில், கொத்தனார் ஒருவரிடம் 10,000 ரூபாய்க்குப் பிணை கேட்கப்பட்டது. சகோதரரின் சொத்து வேறு மாவட்டத்தில் இருந்ததால் அவரது பிணை ஏற்கப்படவில்லை. இதை உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ணய்யர் கண்டித்தார். 2023 ஜனவரியில் அதே நீதிமன்றம், உள்ளூர்ப் பிணையாளரை வலியுறுத்தாமல் இருக்கலாம் என்றது. ஒரு மாதத்துக்குள் பிணைப்பத்திரம் அளிக்கப்படாவிட்டால், விசாரணை நீதிமன்றமே நிபந்தனையைத் தளர்த்தப் பரிசீலிக்கலாம் என்றும் கூறியது.

இந்தப் ‘பரிசீலிக்கலாம்’ என்பது ‘பரிசீலிக்க வேண்டும்’ என்று சட்டத்தில் எழுதப்பட வேண்டும். பிணையில் விடத்தக்க குற்றங்களில், கைதாகி ஒரு வாரத்துக்குள் பிணை தர இயலாதவரை வறியவராகக் கருதிச் சொந்தப் பத்திரத்தில் விடுவிக்கச் சட்டம் ஏற்கெனவே வழிசெய்கிறது. அதே அளவுகோலைப் பிற குற்றங்களில் பிணை ஆணை பெற்றோருக்கும் விரிவாக்கக் கோருகிறோம். வீடில்லாமை குற்றமன்று, அதற்குச் சிறை தண்டனையாகக் கூடாது.