காலுக்கு டப்பிங் கிடையாது

எங்கள் தூத்தூர் கடற்கரையில் சாயங்காலம் பந்து விளையாடும் பையன்களைக் கொஞ்ச நேரம் கவனியுங்கள். பந்து காலுக்கு வருவதற்கு முன்பே, அடுத்து யாருக்குத் தட்டலாம் என்று கண் தேடிவிடும். புதிதாகப் பழகுகிறவன் குனிந்து பந்தையே பார்ப்பான். பள்ளி அணியைப் பற்றிப் படமெடுப்பவர் நடிகர் தேர்வில் முதலில் பார்க்க வேண்டியது இந்தக் கண்ணைத்தான். வசனம் பிறகு.

'இறுதிச்சுற்று' (2016) படத்துக்கு சுதா கொங்கரா உண்மையான கிக் பாக்ஸிங் வீராங்கனை ரித்திகா சிங்கைக் கதாநாயகியாக்கினார். அவருக்குத் தமிழ் தெரியாது. குரல் வேறொருவருடையது, குத்து அவருடையது. அந்த நடிப்புக்கு தேசிய விருதுகளில் சிறப்புக் குறிப்பும் கிடைத்தது.

நடிகரையே வீரராக்குவது இன்னொரு வழி. கபடி வீரர் மணத்தி கணேசனின் வாழ்க்கையைத் தழுவிய 'பைசன்' (2025) படத்துக்காக துருவ் விக்ரம் நீண்ட காலம் கபடி பழகினார். 'சக் தே இந்தியா' (2007) இரண்டையும் கலந்தது: ஹாக்கி ஆடத் தெரிந்தவர்களும் நடிகைகளும் ஒரே அணியில். முன்னாள் இந்திய கோல்கீப்பர் மீர் ரஞ்சன் நேகி அவர்களுக்குப் பயிற்சி தந்தார்.

படப்பிடிப்பில் ஆட்டத்தை அதன் போக்கில் விடுவதில்லை. யார் எங்கிருந்து ஓடுவது, பந்து யாரிடம் போவது, யார் விழுவது என்று நடனம்போல் முன்பே வகுத்து, திரும்பத் திரும்ப ஒத்திகை பார்க்கிறார்கள். முகத்தை ஒரு ஷாட்டிலும் வேறொருவர் காலை அடுத்த ஷாட்டிலும் வைத்து ஒட்டலாம்தான். ஆனால் தலைமுதல் கால்வரை தெரிய ஒருவன் ஓடிவரும்போது ஒட்டுவேலை உதவாது. இருபத்தைந்து வயதுக்காரருக்கு மீசை மழித்துப் பள்ளிச் சீருடை மாட்டினாலும் தோள் காட்டிக்கொடுத்துவிடும்.

அதனால்தான் எங்கள் கடற்கரையைச் சொல்கிறேன். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை என வரிசையாகக் கால்பந்து ஊர்கள். இந்தியன் சூப்பர் லீக்கில் ஆடிய மைக்கேல் சூசைராஜின் ஊர் இரவிபுத்தன்துறை. கால் புதையும் மணலில் ஓட, கெட்டித் தரையில் ஓடுவதைவிட ஏறக்குறைய 1.6 மடங்கு சக்தி வேண்டும். சின்ன வயதிலிருந்து அதில் ஓடிய காலின் வேகத்தை மூன்று மாதப் பயிற்சியில் யாருக்கும் வரவழைக்க முடியாது.

கால்பந்துப் படம் எடுக்க நினைக்கும் இயக்குநர்களே, ஒரு கோடை விடுமுறையில் இங்கே வாருங்கள். பையன்களுக்குப் பள்ளி இருக்காது. கேமராவைப் பையிலேயே வைத்துவிட்டு, முதலில் ஒரு ஆட்டம் முழுக்கப் பாருங்கள்.