நில ஆமையும் புல் தீனியும்

ஏரியும் சதுப்பும் சூழ்ந்த பெரும்பாக்கத்தில் ஆமை என்றாலே நீர்ப்பிராணி என எண்ணுதல் இயல்பு. ஆயினும் மேட்டுப் புதர்களிடையே வாழும் நட்சத்திர ஆமை ஆழ்நீரில் நீந்திப் பிழைக்காது. இரக்கங்கொண்டு அதைக் கிணற்றில் விடுவது கொல்வதற்கே ஒப்பாகும்.

அதன் முக்கிய ஆகாரம் புல்லும் தழையுமேயாம். பூச்சிமருந்து படாத அருகம்புல் ஏற்றது. சோறு, ரொட்டி, பால் ஆகா. சுண்ணாம்புச்சத்தும் வெயிலும் குறைந்தால் ஓடு மெலிந்து கோணும்.

எனினும் அதை வீட்டில் வளர்த்தல் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும். 2019-இல் சர்வதேச வியாபாரமும் தடுக்கப்பட்டது. புதரில் கண்டால் தொடாது விடுக. வளர்ப்பில் இருந்ததைக் காட்டில் விட்டால் நோய் பரவக்கூடும். ஆகையால் கிராம அதிகாரிகள் அதை வனத்துறையிடம் ஒப்புவித்தல் வேண்டும். அதுவரை நிழலும், ஆழமற்ற தட்டில் நீரும், பசும்புல்லும் போதும்.